ஈ எங்கே? கிடார் ஆம்ப் காப்பியும் பெயர்ச் சண்டையும்

கம்பிக்காரன் · பிப்ரவரி 4, மாலை 6.15

மார்ஷல் கம்பெனியின் முதல் கிடார் ஆம்ப்ளிஃபயரான ஜேடிஎம்45 பற்றி எழுதுகிற எல்லோரும் “பிரிட்டிஷ் ராக் ஒலி பிறந்த இடம்” என்றே ஆரம்பிக்கிறார்கள். அதன் சர்க்யூட்டை, அதற்கு முன்பே வந்த அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பாஸ்மேன் ஆம்ப், 5எஃப்6-ஏ மாடல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈயடிச்சான் காப்பி. அப்புறம் ஜிம் மார்ஷலுக்கு எதற்கு மாலை மரியாதை? யோசித்தவனுக்கு நாமம், காப்பி அடித்தவனுக்குப் பெயரா?

பழையவால்வு · பிப்ரவரி 4, இரவு 9.40

ஈயடிச்சான் காப்பி என்றால் ஈயைக் காட்ட வேண்டும். பழைய பேரேட்டில் ஒரு ஈ நசுங்கிக் கிடந்ததாம். நகல் எடுத்த குமாஸ்தா தானும் ஒரு ஈயை அடித்து அதே இடத்தில் ஒட்டினானாம். காரணமே இல்லாத ஒன்றும் கூடவே வந்திருந்தால்தான் அந்த ரகக் காப்பி. காரணத்தோடு இருக்கிற மதிப்புகள் ஒத்துப்போவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு வீட்டுச் சாம்பாரிலும் புளி இருக்கிறது என்பதற்காக ஒருத்தி இன்னொருத்தியிடம் திருடினாள் என்று ஆகிவிடாது.

ஜேடிஎம்45-இல் ஈ இருக்கிறது. முதல் வால்வின் (சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்) இரண்டு பாதிகளும், கேத்தோடில், அதாவது எலெக்ட்ரான் கிளம்பும் முனையில், ஒரே 820 ஓம் ரெசிஸ்டரைப் பகிர்ந்துகொள்கின்றன. அதன் குறுக்கே 250 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். கணக்குப் போடுங்கள்: வால்வின் உள் எதிர்ப்பையும் சேர்த்தால் அந்த இடத்தில் சுமார் 400, 500 ஓம். 250 மைக்ரோஃபாரட் வைத்தால் ஒலி குறைய ஆரம்பிக்கும் இடம் 1, 2 ஹெர்ட்ஸ். பாஸ் கிடாரின் கீழ் கம்பியே 41 ஹெர்ட்ஸ்தான், சாதாரண கிடாருக்கு 82. பத்தில் ஒரு பங்கு, 25 மைக்ரோஃபாரட், தாராளமாகப் போதும். அன்றைக்கு ஃபெண்டரின் மற்ற ஆம்ப்களில் பரவலாக இருந்ததும் 25தான். பாஸ்மேனில் ஏனோ 250. அதே 250 கடல் கடந்து லண்டன் ஹான்வெல் போய், மார்ஷல் கடையில் செய்த ஆம்பிலும் உட்கார்ந்திருக்கிறது.

ஈ அது ஒன்றுதான் என்றில்லை. இரண்டு சேனலும் சேருமிடத்தில் 270 கிலோ ஓம் இரண்டு. அடுத்த படியில் கெபாசிட்டர் இல்லாத 820 ஓம். கேத்தோடு ஃபாலோயருக்கு 100 கிலோ. டோன் பகுதியில் 56 கிலோ, 250 பைக்கோ, இரண்டு 0.02 மைக்ரோ. ஃபேஸ் பிரிக்கும், அதாவது சிக்னலை இரண்டு எதிரெதிர் அலையாக்கும், வால்வில் 470 ஓம், 10 கிலோ, 82 கிலோ, 100 கிலோ. வெளியே போகும் சிக்னலில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிடும் ஃபீட்பேக்கில் 27 கிலோ, பிரசன்ஸ் குமிழ் 5 கிலோ. வரிசையாக அப்படியே. நுழைவில் இருக்கும் 68 கிலோவும் கூடத்தான்.

ஆகவே உங்கள் முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்கு நாளைக்கு வருகிறேன்.

பழையவால்வு · பிப்ரவரி 5, காலை 7.05

முதலில் திருத்தம். நுழைவில் இருக்கும் 68 கிலோவை ஈக்கள் பட்டியலில் சேர்த்தது தவறு. அதுவும் 1 மெகா ஓமும் அன்றிலிருந்து இன்றுவரை பாதி உலகத்தின் கிடார் ஆம்ப்களில் இருக்கிறது. புளி, ஈ இல்லை. அதே மாதிரி 82-க்கும் 100-க்கும் காரணம் உண்டு: அந்த வகை ஃபேஸ் பிரிப்பில் இரண்டு பக்கமும் ஒரே அளவு பெருக்காது, பெருக்கம் கூடுதலான பக்கத்தில் ரெசிஸ்டரைக் கொஞ்சம் குறைத்துச் சமன் செய்கிறார்கள். அதையும் எடுத்துவிடுங்கள். 250-ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வாதத்துக்கு அது ஒன்றே போதும்.

பழையவால்வு · பிப்ரவரி 5, இரவு 10.20

இரண்டாம் பாதி. மாற்றியது எதுவோ, ஒலி அங்கேதான் பிறந்தது. மாற்றியதில் பாதி வேறு வழியில்லாமல்.

இங்கிலாந்தில் அப்போது ஃபெண்டர் இறக்குமதி விலை கையைக் கடித்தது. கடைக்கு வந்த இளம் கிடார்காரர்கள், பீட் டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர் போன்றவர்கள், அந்த மாதிரி ஒலி உள்ளூர் விலையில் வேண்டும் என்றார்கள். கடையில் பழுது பார்த்த கென் பிரானும், இளைஞர் டட்லி கிரேவனும் 1962-இல் கையில் கிடைத்த பொருளை வைத்துச் செய்தார்கள். பாஸ்மேனில் முதல் வால்வு 12ஏஒய்7, பெருக்கக் காரணி 44. இவர்கள் போட்டது இசிசி83, அதாவது 12ஏஎக்ஸ்7, காரணி 100. ஒரே சாக்கெட், ஒரே பின் வரிசை. ஆனால் அடுத்த படிக்குப் போகிற சிக்னல் பெரிது, சீக்கிரம் உடைகிறது, அதாவது ஒலி கரகரக்கிறது. பவர் வால்வு முதலில் 5881, பிறகு கேடி66. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் லண்டன் பாகக் கடையில் கிடைத்த ஹை-ஃபை சரக்கு. சேஸிஸ் அலுமினியம்.

ஸ்பீக்கர்தான் பெரிய மாற்றம். பாஸ்மேன்: பின்பக்கம் திறந்த பெட்டியில் ஜென்சன் 10 இஞ்ச் நான்கு. மார்ஷல்: முழுக்க மூடிய பெட்டியில் செலஸ்டியன் 12 இஞ்ச் நான்கு. திறந்த பெட்டியில் பின்னால் போகும் காற்று சுற்றி வந்து முன்பக்கத்தின் தாழ்ந்த ஒலியை அடித்துவிடும். மூடினால் அது நடக்காது, நெஞ்சில் குத்துகிற மாதிரி வரும். சர்க்யூட் ஒரு கோடு மாறாமல் இருந்தாலும் கேட்பவனுக்கு வேறு ஆம்ப்.

அடுத்தது யாரும் கவனிக்காத ஒன்று. பாஸ்மேனில் நான்கு 8 ஓம் ஸ்பீக்கரும் பேரலல், ஆக 2 ஓம். 27 கிலோ ஃபீட்பேக் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் அந்த 2 ஓம் முனையிலிருந்து எடுக்கப்படுகிறது. மார்ஷலில் அதே 27 கிலோ 16 ஓம் முனையிலிருந்து. ஓம் எட்டு மடங்கு, ஆகவே ஃபீட்பேக்கும் எட்டு மடங்கு.

ஓம்விதி · பிப்ரவரி 5, இரவு 11.02

எட்டு மடங்கா? பெயரை மாற்றிக்கொண்டு போய்விடலாம் போலிருக்கிறது எனக்கு.

பழையவால்வு · பிப்ரவரி 6, காலை 6.50

தவறுதான். வர்க்கமூலம் விட்டுப்போனது. ஒரே 40 வாட் என்றால் 2 ஓமில் சுமார் 9 வோல்ட், 16 ஓமில் சுமார் 25 வோல்ட். 2.83 மடங்கு, 9 டெசிபல். வாதம் நிற்கிறது, மடங்கு மட்டும் இளைத்துவிட்டது.

9 டெசிபல் கூடுதல் ஃபீட்பேக் என்ன செய்யும்? ஆம்ப் இறுக்கமாகும், சுத்தமான ஒலி இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும், உடையும்போது படிப்படியாக இல்லாமல் சட்டென்று உடையும். பிரசன்ஸ் குமிழ் வேலை செய்வதே ஃபீட்பேக்கிலிருந்து உச்ச ஒலியை எடுத்துவிட்டுத்தான். ஆகவே ஃபீட்பேக் கூடினால் அந்தக் குமிழுக்கும் பிடி கூடும். இதையெல்லாம் திட்டமிட்டுச் செய்தார்களா, 27 கிலோவை அப்படியே எடுத்து ஒட்டியதால் தானாக வந்ததா? இரண்டாவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் அந்த 27 கிலோவும் ஒரு ஈ. இடம் மாறி ஒட்டியதால் ஒலியையே மாற்றிய ஈ.

கொஞ்ச வருஷத்தில் மார்ஷல் லீட் ஆம்ப்களில் அந்த 820 ஓமைப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 2.7 கிலோ ஓமும் 0.68 மைக்ரோஃபாரடும். டோன் பகுதியில் 56 கிலோ 33 ஆனது, 250 பைக்கோ 500 ஆனது. அந்த 0.68 கிடாருக்காகவே கணக்குப் பார்த்துப் போட்டது: சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்து, சத்தமாக வாசிக்கும்போது தாழ்ந்த ஒலி சேறாகாமல் காக்கிறது. பாஸ் ஆம்பைக் கிடார் ஆம்பாக மாற்றிய கை அது. மார்ஷல் காப்பி அடிப்பதை நிறுத்திய இடம் எது என்று கேட்டால் அந்த 0.68-ஐக் காட்டுவேன்.

கம்பிக்காரன் · பிப்ரவரி 6, மதியம் 1.30

சரி, ஒலி மாறியது. மாலை யாருக்கு என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஜிம் மார்ஷல் டிரம்ஸ் வாத்தியார்.

பழையவால்வு · பிப்ரவரி 6, இரவு 9.15

ஆமாம், டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தவர், கடை முதலாளி. சால்டர் வைத்தது பிரானும் கிரேவனும். பலகையில் ஏறியது முதலாளி பெயர். ஃபெண்டரிலும் அதே கதைதான், லியோ ஃபெண்டர் சர்க்யூட் தெரிந்த ரேடியோ ரிப்பேர்காரர் என்பது மட்டும் வித்தியாசம். ஆனால் ஜிம்மைக் குறைத்தும் பேச வேண்டாம். என்ன வேண்டும் என்று வாசிப்பவனிடம் கேட்டு, “இது இல்லை, இன்னொன்று செய்” என்று சொன்னதும் ஒரு வேலைதான்.

பெயர் எவ்வளவு சில்லறைத்தனமான சமாச்சாரம் என்பதற்குப் பார்க் ஆம்ப்களைப் பாருங்கள். 1965-இல் மார்ஷல், ரோஸ்-மோரிஸ் என்ற நிறுவனத்துக்கு 15 வருஷ விநியோக உரிமை கொடுத்தது. பழைய நண்பரான பர்மிங்ஹாம் கடைக்காரருக்குச் சரக்கு தர முடியாமல் போயிற்று. அதே தொழிற்சாலையில் அதே சர்க்யூட்டைப் பார்க் என்ற பெயரில் செய்து கொடுத்தார்கள். தன்னைத் தானே காப்பி அடித்த ஆம்ப். இதற்கு எந்த நீதிமன்றம் போவது?

ஓம்விதி · பிப்ரவரி 7, காலை 8.10

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்க்கத்தான் செய்கிறோம் என்றால் பாஸ்மேனோடு ஏன் நிற்க வேண்டும்?

பழையவால்வு · பிப்ரவரி 7, இரவு 8.45

நிற்க வேண்டியதில்லை. 50-களின் ஃபெண்டர் ஆம்ப்களிலேயே, ஏடி அண்ட் டி, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனங்களின் காப்புரிமைகளின் கீழ் உரிமம் பெற்றது என்று அச்சடித்திருக்கும். டெலிபோன் கம்பெனி கண்டுபிடித்ததற்கு லியோ காசு கட்டியிருக்கிறார். பாஸ்மேனின் ஃபேஸ் பிரிப்பில் இருப்பது லாங்-டெயில் ஜோடி என்ற இரட்டை வால்வு அமைப்பு. அந்த யோசனைக்கு இங்கிலாந்தில் என்ஜினியர் ஆலன் புளும்லைன் 1930-களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வால்வு கம்பெனிகள் வேறு தங்கள் கையேட்டில் “இந்த வால்வுக்கு இத்தனை வோல்ட் என்றால் பிளேட்டில் இத்தனை கிலோ, கேத்தோடில் இத்தனை” என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தன. சர்க்யூட்டைத் திருடச் சொல்லித்தான் அச்சடித்தார்கள், வால்வு விற்க வேண்டுமே.

ஆகவே ஒரே அட்டவணையைப் பார்த்த இரண்டு பேர் ஒரே மதிப்பில் வந்து நிற்பார்கள். ஒரு மதிப்பை வைத்து வழக்கு நடத்தாதீர்கள்.

கம்பிக்காரன் · பிப்ரவரி 9, மாலை 5.00

அப்படியானால் சோல்டானோ கம்பெனி விஷயம்? அவர்கள் எஸ்எல்ஓ-100 ஆம்பில் ஒரு கேத்தோடு ரெசிஸ்டர் 39 கிலோ. பீவி கம்பெனியின் 5150-இல் அதுவே 39 கிலோ. மேசா கம்பெனியின் டூயல் ரெக்டிஃபையரிலும் 39 கிலோ. இதுவும் அட்டவணையா?

பழையவால்வு · பிப்ரவரி 9, இரவு 11.30

இல்லை. எந்த வால்வுக் கையேடும் 12ஏஎக்ஸ்7-க்குக் கேத்தோடில் 39 கிலோ போடச் சொல்லாது. சாதாரணமாக அங்கே 1.5 கிலோ இருக்கும், கேத்தோடில் ஒன்றரை வோல்ட் நிற்கும், ஒரு மில்லிஆம்ப் அளவுக்கு ஓடும். 39 கிலோ போட்டால் கேத்தோடு 4 வோல்ட் பக்கம் ஏறி, மின்னோட்டம் 0.1 மில்லிஆம்ப் அளவுக்குச் செத்துவிடும். வால்வு கிட்டத்தட்ட மூடிய நிலையில் தூங்குகிறது. சிக்னலின் ஒரு பாதி வந்தால் எழுந்து பெருக்குகிறது. மறுபாதி வந்தால் உடனே அணைந்துவிடுகிறது, அலையின் அந்தப் பக்கம் கத்தியால் சீவின மாதிரி. கனமான ராக் டிஸ்டார்ஷனின் எலும்பு இந்தச் சீவல்தான்.

மார்ஷலின் 2203 ஆம்பில் இதே வேலையை 10 கிலோ செய்துகொண்டிருந்தது, ஆகவே யோசனை சோல்டானோவுடையது மட்டும் இல்லை. ஆனால் 22 போட்டாலும் நடக்கும், 33 போட்டாலும் 47 போட்டாலும் நடக்கும், காது வித்தியாசம் பிடிப்பது கஷ்டம். மூன்று கம்பெனியும் 39-இல் வந்து நின்றால் அது ஈதான்.

வருஷம் பாருங்கள். எஸ்எல்ஓ 1987. ராக் கிடார்காரர் எடி வான் ஹேலன் 1991 ஆல்பத்தில் எஸ்எல்ஓ வாசித்தார். பீவியோடு அவர் சேர்ந்து 5150 வந்தது 1992. ரெக்டிஃபையரும் அதே காலகட்டம். அதன் டிஸ்டார்ஷன் பகுதியை எஸ்எல்ஓ பக்கத்தில் வைத்தால் 39-க்கு முன்னும் பின்னும் இருக்கிற படிகளும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரு ஈ தற்செயல். ஈ உட்கார்ந்த வரிசையும் ஒன்றாக இருந்தால் தற்செயல் இல்லை.

பழையவால்வு · பிப்ரவரி 10, காலை 7.20

ராத்திரி எழுதியதில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மேசாவின் ராண்டல் ஸ்மித் 60-களின் கடைசியில் சின்ன ஃபெண்டர் பிரின்ஸ்டனுக்குள் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் 12 இஞ்ச் ஸ்பீக்கரும் திணித்து ஆரம்பித்தவர். பிறகு ஒரு கெயின் படியின், அதாவது பெருக்கும் படியின், தலையில் இன்னொரு படியை ஏற்றி, நடுவே வால்யூம் குமிழ் வைத்து, வீட்டுச் சத்தத்திலேயே உடைகிற ஒலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அந்த அடுக்கு இல்லாமல் எஸ்எல்ஓவை யோசிக்க முடியாது. இரண்டு சேனல் மாற்றுவதற்கு ஸ்மித் 1980-இல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். 90-கள் முடிவதற்குள் காலாவதி. ஃபெண்டர் கொடுத்தது ஸ்மித்துக்கு, ஸ்மித் கொடுத்தது சோல்டானோவுக்கு, சோல்டானோ கொடுத்தது திரும்ப ஸ்மித்துக்கு. மொய்க் கணக்கு மாதிரி. நோட்டில் எழுதி வைக்காததுதான் சண்டை.

ஓம்விதி · பிப்ரவரி 10, மாலை 4.40

5150 கதையில் இன்னொரு வேடிக்கை. 2004-இல் வான் ஹேலன் பீவியை விட்டுப் போனார். பெயர் அவரோடு போயிற்று, சர்க்யூட் பீவியிடமே நின்றது. பீவி அதே ஆம்பை 6505 என்று விற்றது; 1965-இலிருந்து 2005 வரை கம்பெனிக்கு 40 வயசு, அதுதான் அந்த எண். அந்தப் பக்கம் ஃபெண்டர் அவருக்காகச் செய்த 5150 III வேறு ஆம்ப். கடையில் “ஒரிஜினல் 5150 கொடுங்க” என்று கேட்பவனுக்கு எதை எடுத்துக் கொடுப்பது?

பழையவால்வு · பிப்ரவரி 10, இரவு 9.00

சட்டம் எதைக் காக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பெயரைக் காக்கும். தோற்றத்தைக் காக்கும். காப்புரிமை வாங்கியிருந்தால் அந்த ஒரு உத்தியைச் சில வருஷம் காக்கும். சர்க்யூட்டை? இங்கிலாந்தில் மேக்கி கம்பெனி, பெஹ்ரிங்கர் கம்பெனி மேல் ஒலி மிக்சர் விஷயமாகப் போட்ட வழக்கில் 1999-இல் வந்த தீர்ப்பு: சர்க்யூட் வரைபடம் ஒரு வடிவமைப்பு ஆவணம், அதைப் பார்த்து அந்தச் சாதனத்தைச் செய்வது வரைபடத்தின் பதிப்புரிமையை மீறாது. வரைபடத்தை ஜெராக்ஸ் போட்டு விற்பது வேறு விஷயம்.

2005-இல் ரோலண்ட் கம்பெனி, தன் பாஸ் (Boss) பிராண்ட் பெடல்களின், அதாவது காலால் மிதிக்கும் ஒலி மாற்றிப் பெட்டிகளின், தோற்றத்துக்காக அதே பெஹ்ரிங்கர் மேல் போனது. பெட்டியும் நிறமும்தான் அங்கே வழக்கு. 2009-இல் பீவி போனது காப்புரிமை, வணிகப் பெயர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு. “என் 39 கிலோவைத் திருடிவிட்டான்” என்று போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கம்பிக்காரன் · பிப்ரவரி 12, இரவு 7.30

அதனால்தான் ஆம்ப் செய்த டம்பிள் தன் சர்க்யூட் மேலே பிசினை ஊற்றினாரா?

பழையவால்வு · பிப்ரவரி 13, காலை 6.30

டம்பிளும் சரி, கிளான் சென்டார் பெடல் செய்த பில் ஃபின்னகனும் சரி, சட்டம் காக்காததை எபாக்சி காக்கட்டும் என்று விட்டார்கள். காத்தது கொஞ்ச காலம். பிரித்தபோது உள்ளே இருந்தது கடையில் கிடைக்கிற ரெசிஸ்டரும் கெபாசிட்டரும்தான். கிளானில் இரண்டு டிஎல்072 ஐசி, 9 வோல்ட்டிலிருந்து கூடுதல் மின்னழுத்தம் எடுக்க ஒரு சார்ஜ் பம்ப் ஐசி, இரண்டு ஜெர்மானியம் டையோடு. பம்பின் பிளஸ் 18-க்கும் மைனஸ் 9-க்கும் நடுவே ஒரு ஐசிக்கு 27 வோல்ட் கிடைக்கிறது, சுத்தமான பகுதி நசுங்காமல் மேலே போகிறது. சூட்சுமம் அங்கே, டையோடில் இல்லை. விலை ஏறியது டையோடுக்கு.

பிசினைப் பிரிப்பவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி “ரகசிய மதிப்பு” அங்கேதான் பிறக்கிறது.

ஹீட் கன் வைத்துப் பிசினை இளக்கும்போது பழைய கார்பன் ரெசிஸ்டரும் சேர்ந்து வேகும், மதிப்பு நகர்ந்துவிடும். வேகாவிட்டாலும் அவை வயசாக ஆக மேலே ஏறும் சாதி. 100 கிலோ என்று போட்டது நாற்பது வருஷத்தில் 118 காட்டும். அதை அளந்து, “மாஸ்டர் இங்கே 120 போட்டிருக்கிறார்” என்று நோட்டில் எழுதுகிறான் காப்பிக்காரன். பழசானதால் வந்தது, நகலில் புதுசாக உட்காருகிறது. இரண்டாவது தப்பு, சர்க்யூட்டில் இருக்கும்போதே மீட்டர் வைப்பது. பக்கத்துப் பாதை எல்லாம் பேரலலாகச் சேர்ந்து குறைவாகக் காட்டும். ஒரு காலைக் கழற்றித்தான் அளக்க வேண்டும். ரெசிஸ்டர் மேல் குறித்திருக்கும் மதிப்பை விட மீட்டர் கூடுதலாகக் காட்டினால் அந்த ரெசிஸ்டர் கட்டாயம் ஏறியிருக்கிறது. குறைவாகக் காட்டினால் ஒன்றும் சொல்ல முடியாது.

அதற்கெல்லாம் முன்னால் ஃபில்டர் கெபாசிட்டரை இறக்குங்கள். வால்வு ஆம்பைப் பிளக்கிலிருந்து பிடுங்கின பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். 10 கிலோ 5 வாட் ரெசிஸ்டரை முதலை கிளிப்பில் மாட்டி, 100 மைக்ரோ என்றால் ஐந்தாறு செகண்ட் பிடியுங்கள், பிறகு மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து ‘டப்’பென்று சார்ட் அடிப்பது வீரம் இல்லை.

மூன்றாவது: டம்பிள் ஒவ்வொரு ஆம்பையும் வாங்குகிறவர் கைக்கு ஏற்ப டியூன் செய்தார். அவர் செய்த ஒரு ஓவர்டிரைவ் ஸ்பெஷல் ஆம்பைப் பிரித்து அதுதான் டம்பிள் சர்க்யூட் என்பது, ஒருவருக்குத் தைத்த சட்டையை அளந்து மனித உடம்பு இப்படித்தான் என்று சொல்வது மாதிரி. மேலோட்டமாக அது ஃபெண்டர் பாணிச் சுத்தமான சேனல், அதன் வாலில் இன்னும் இரண்டு கெயின் படி. மீதியெல்லாம் தையல்.

ஓம்விதி · பிப்ரவரி 13, மதியம் 12.15

மீட்டர் கூடுதலாகக் காட்டினால் “கட்டாயம்” ஏறியிருக்கும் என்பதில் ஒரு ஓட்டை. கெபாசிட்டரில் மிச்ச வோல்ட் இருந்தாலும் மீட்டர் உளறும்.

பழையவால்வு · பிப்ரவரி 13, இரவு 8.00

ஒப்புக்கொள்கிறேன். மீட்டர் முனைகளைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கணக்கில் எடுக்கலாம்.

கம்பிக்காரன் · பிப்ரவரி 14, இரவு 9.50

கிளான் காப்பிகளின் பெயர்ப் பட்டியல் பார்த்தீர்களா? சென்டார் என்பது பாதி மனிதன் பாதி குதிரை. அதனால் காப்பிக்கு ஆர்ச்சர், டம்னஸ், சென்டுரா. லைன் 6 போட்டது மைனோடார். காட்டில் ஒரு மிருகம் பாக்கியில்லை.

ஓம்விதி · பிப்ரவரி 14, இரவு 10.05

லைன் 6 கம்பெனியின் ஹீலிக்ஸில், பிற ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலிசெய்யும் பெட்டியில், ஆம்ப் பெயர்களும் அந்த ரகம். வாக்ஸ் ஏசி30-க்கு எசெக்ஸ், ரெக்டிஃபையருக்குக் காலி ரெக்டிஃபயர், சோல்டானோவுக்கு சோலோ லீட், 5150-க்குப் பிவி பனாமா, மேட்ச்லெஸ்ஸுக்கு மேட்ச்ஸ்டிக். வணிகப் பெயரைத் தொடாமல் கண் சிமிட்டுகிறார்கள்.

பழையவால்வு · பிப்ரவரி 15, காலை 7.40

கண் சிமிட்டினால் தப்பிக்கலாம். பெஹ்ரிங்கர் சிமிட்டவில்லை, சென்டார் என்றே பெயர் வைத்து ஒரு பெடல் விட்டது. 2024-இல் ஃபின்னகன் மாசசூசெட்ஸில் வழக்குப் போட்டார். பிறகு அந்தப் பெடல் பெயர் மாறி வந்தது. வழக்கு பெயருக்காக, சர்க்யூட்டுக்காக இல்லை என்பதைக் கவனியுங்கள்.

காப்பியில் எனக்கு மரியாதை உள்ள வழியும் ஒன்று இருக்கிறது. டிரெய்ன்ரெக் ஆம்ப் செய்த கென் ஃபிஷர், ஆம்பெக்கில் வேலை பார்த்தவர், நியூ ஜெர்சிக்காரர். தன் ஆம்புக்கு எண் போடாமல் பெண் பெயர் வைத்தவர். உடம்பு முடியாமல் போனபோது தன் யோசனையைப் பிறர் கையில் கொடுத்தார். டாக்டர் இசட் கம்பெனி விற்ற ஏர் பிரேக் என்ற சத்தம் குறைக்கும் பெட்டியும், கோமெட் கம்பெனி விற்ற கோமெட் 60 ஆம்பும் அவர் வடிவமைத்தவை, விற்றவர்களும் அவர் பெயரைச் சொல்லித்தான் விற்றார்கள். அவர் 2006-இல் போய்விட்டார், பெயர் நிற்கிறது.

அவருடைய எக்ஸ்பிரஸ் ஆம்பின் சர்க்யூட் ஒரு தாளில் அடங்கிவிடும். அப்படியே செய்தவர்கள் பலருக்கு ஒலி வரவில்லை. ஈ மதிப்புகளில் இல்லை, வயர் போகிற வழியில் இருந்தது. மூன்று கெயின் படி அடுத்தடுத்து. கடைசிப் படியின் பிளேட் வயர் (சிக்னல் வெளியே போவது) முதல் படியின் கிரிட் வயரோடு (உள்ளே வருவது) இணையாக இரண்டு இஞ்ச் ஓடினாலே போதும், காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆம்ப் தனக்குள் கூவும். கேட்பவனுக்கு விசில் வராது. ஒலி மூச்சுத் திணறின மாதிரி, நோட்டு முடியும்போது ஒரு நரநரப்பு. ஆஸிலோஸ்கோப் வைத்தால்தான் தெரியும். அந்த இரண்டு வயரும் குறுக்கே வெட்டிப் போகட்டும், கிரிட் ரெசிஸ்டரைச் சாக்கெட் பின்னிலேயே வைத்துச் சால்டர் செய்யுங்கள், ஷீல்டு வயர் போட்டால் ஒரு முனையில் மட்டும் எர்த்.

கம்பிக்காரன் · பிப்ரவரி 18, மாலை 6.00

கடைசியாக ஒன்று. நான் 5எஃப்6-ஏ ஒன்று கட்ட ஆரம்பித்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரில் 4, 8, 16 ஓம் முனைதான் இருக்கிறது, 2 கிடையாது. ஃபீட்பேக்கை எங்கே கொடுப்பது? பின்பலகையில் என்ன பெயர் எழுதுவது?

பழையவால்வு · பிப்ரவரி 18, இரவு 10.10

16 முனையில் 82 கிலோ வைத்தால் கிட்டத்தட்ட பாஸ்மேன் அளவு ஃபீட்பேக். அதே முனையில் 27 கிலோ வைத்தால் மார்ஷல் அளவு. ஒரு சின்ன டாகிள் சுவிட்சில் இரண்டையும் மாட்டுங்கள், இந்த இழையின் பாதி வாதம் உங்கள் காதிலேயே தீர்ந்துவிடும். சுவிட்சை வாசிக்கும்போது தட்டாதீர்கள். நடுவே ஃபீட்பேக் அறுந்து ஒரு கணம் சத்தம் எகிறும்.

முதல் தடவை ஆன் செய்ததும் ஆம்ப் ஊளையிட்டால் பயப்படாமல் அணையுங்கள். ஃபீட்பேக் தலைகீழாக இருக்கிறது. கெபாசிட்டரை இறக்கிவிட்டு, பவர் வால்வுகளின் பிளேட்டுக்குப் போகும் டிரான்ஸ்ஃபார்மர் வயர் இரண்டையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்யவே கூடாது.

பின்பலகையில் “5எஃப்6-ஏ, ஃபீட்பேக் 27/82” என்று எழுதி, கீழே உங்கள் பெயரும் தேதியும். 250 மைக்ரோ போடுவதா 25 போடுவதா என்று கேட்கவில்லையே?

கம்பிக்காரன் · பிப்ரவரி 18, இரவு 10.25

250 வாங்கி வைத்துவிட்டேன்.